ஹெரால்டின் முன்பக்கம்: எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் கூடாது

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எஞ்சினில் ஆரம்பித்து பெயின்டில் முடியும். நடுவில் கார்புரேட்டர், க்ரோம் பம்பர், டேஷ்போர்டு மரப்பலகை எல்லாம் வந்துபோகும். முன்பக்க சஸ்பென்ஷனைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அது கண்ணில் படாது, போட்டோவில் விழாது. சத்தம் போட்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அந்தச் சத்தத்தைப் போட ஆரம்பித்திருந்தது. வேகத்தடை ஏறி இறங்கினால் முன்பக்கம் ஒரு 'டொக்'. நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தால் வண்டி தன் போக்கில் அலைந்தது. முழுதாக ஒடித்துத் திருப்பும்போது ஏதோ பிடிப்பது போலக் கனத்தது. இந்த மூன்றாவது அறிகுறிதான் என்னை உட்கார வைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முன்பக்கத்தை மொத்தமாகப் பிரித்துப் புதுப்பித்து முடித்தாயிற்று. அதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றே ஒன்று. பழைய வண்டியில் எல்லாவற்றுக்கும் புதுசு வாங்க வேண்டியதில்லை. நம்மூர் லேத்திலும் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளிலும் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் என்று சில உண்டு. அவை எவை என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்த வேலையின் சாரம்.

கொஞ்சம் பூர்வீகம்

ஹெரால்டை 1959 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனி அறிமுகப்படுத்தியது. உடலை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற கார்கள் உடலும் சேசிஸும் ஒன்றாக வரும் முறைக்கு மாறிக்கொண்டிருக்க, ஹெரால்டு மட்டும் தனி சேசிஸோடு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வியாபார நெருக்கடி இருந்தது. கம்பெனிக்கு உடல் தகடு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவை, போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953-இல் வாங்கிவிட்டது. மொத்த உடலையும் ஒரே இடத்தில் அடிக்க வழியில்லை. அதனால் பல இடங்களில் அடித்த துண்டுகளை ஒரு சேசிஸ் மேல் போல்ட் போட்டு இணைக்கும் வடிவத்துக்குப் போனார்கள்.

அந்த நெருக்கடி நமக்கு வசதியாகப் போயிற்று. துண்டு துண்டாக அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கு இதைவிடத் தோதான கார் கிடையாது. சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில் 1960-களின் தொடக்கத்திலிருந்து ஹெரால்டு உருவாகியது. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு பிறந்ததும் இங்கேதான். அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்ட காலத்தில் மூன்றாவது தேர்வு இந்த மதராஸ் கார். தொழிற்சாலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டது. வண்டிகள் மட்டும் அங்கங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஹெரால்டில் முன்பக்க வேலை பார்ப்பது ஒரு சுகம். பானட் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். முதுகு பிரச்சினை உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய விண்டேஜ் வண்டி இது.

உள்ளே என்ன இருக்கிறது

சக்கரத்தைக் கழற்றினால் மேலே ஒரு விஷ்போன், கீழே ஒரு விஷ்போன். இரண்டையும் இணைத்து நிற்கும் எஃகுத் தண்டுக்குப் பெயர் வெர்ட்டிகல் லிங்க். சக்கரம் சுற்றும் ஸ்டப் ஆக்சில் இதில்தான் பூட்டியிருக்கும். ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்குள் ஒன்றாக, கீழ் விஷ்போனிலிருந்து மேலே சேசிஸ் டவர் வரை நிற்கும்.

வெர்ட்டிகல் லிங்கின் மேல் முனையில் சாதாரண பால் ஜாயின்ட். கீழ் முனையில்தான் விசேஷம். அங்கே மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி இறங்கும். ஊறுகாய் ஜாடியும் மூடியும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் லிங்க் இந்த மரைக்குள் கொஞ்சம் இறுகும், கொஞ்சம் தளரும். வண்டியின் முன்பாரம் மொத்தமும் அந்த மரைப் பற்களில்தான் நிற்கிறது.

இடது பக்கத்துக்கு இடது மரை, வலது பக்கத்துக்கு வலது மரை. ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. பாகம் வாங்கும்போது இதைச் சொல்லி வாங்காவிட்டால் கடைக்காரர் கைக்கு அகப்பட்டதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

இதை மட்டமான வடிவமைப்பு என்று சொல்லும் ஆட்கள் உண்டு. ஆனால் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1962-இலிருந்து 1980 வரை இதே அமைப்பில்தான் ஓடியது. கையாளுதலுக்குப் பெயர் போன லோட்டஸ் ஈலான் முன்பக்கத்துக்கும் ட்ரையம்பின் இந்த வெர்ட்டிகல் லிங்கும் ட்ரன்னியனும்தான். ஆக, ஒழுங்காகப் பராமரித்தால் இது நல்ல பாகம். பராமரிக்காவிட்டால் ஆளைக் கவிழ்க்கிற பாகம்.

ஹெரால்டின் திருப்பு வட்டம் சுமார் 25 அடிதான். மயிலாப்பூர் மாட வீதியில்கூட அலட்டிக்கொள்ளாமல் திரும்பிவிடும். சக்கரம் அவ்வளவு தூரம் ஒடிகிறது என்றால், அந்த மரை அவ்வளவு தூரம் உழைக்கிறது என்று அர்த்தம்.

கிரீஸ் அல்ல, எண்ணெய்

இந்த வண்டிக்குள் இருக்கும் ஒரே ரகசியம் இதுதான். ட்ரன்னியனுக்கு அடிக்க வேண்டியது கியர் எண்ணெய், எஸ்ஏஇ 90 ஹைபாயிட். கிரீஸ் கிடையாது. கம்பெனிக் கைப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.

மரைக்கும் ட்ரன்னியனுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகக் குறைவு. எண்ணெய் அந்த இடுக்கில் பரவி மேலே சீல் வரை ஏறும். கிரீஸ் அப்படி ஏறாது. அடியில் கட்டியாக நின்று, நாளாக நாளாக இறுகி மெழுகாகிவிடும். மேல் மரைக்கு ஒன்றும் போய்ச் சேராது. மழைத்தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. எஃகு மரை துருப்பிடிக்கும். அந்தத் துரு வெண்கலத்தை அரம் போல அரைக்கும். அடுத்த கட்டத்தில் மரை இறுகிப்போகும். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் லிங்க் மரைக்குள் சுழலாமல் முறுக்கு வாங்கும். மாறி மாறி முறுக்கு வாங்கும் இரும்பில் எங்கே விரிசல் விடும்? மரை முடிகிற இடத்தில். ஒருநாள் பார்க்கிங்கில் திருப்பும்போது அங்கே ஒடிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி உட்காரும்.

திருப்பும்போது கனக்கிறது என்ற அறிகுறி என்னை ஏன் உட்கார வைத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

என் வண்டியில் ட்ரன்னியன் ப்ளக்கைக் கழற்றியதும் வந்தது எண்ணெயல்ல, கறுத்துப்போன கிரீஸ். முந்தைய கைகள் யாருடையவோ. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கிரீஸ் போடும் கிங்பின் வைத்த வண்டிகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு, பழைய கார் வந்தாலே கை தானாகக் கிரீஸ் கன்னைத் தேடும். இந்த வேலைக்கு முன் ஒரு பட்டறையில் விசாரித்தபோதும் அதே பதில்தான் கிடைத்தது.

"சார், நல்லா கிரீஸ் அடிச்சு விட்டா சத்தம் நின்னுடும். எதுக்கு வீணா பிரிக்கணும்?"

"இல்லண்ணே, இதுக்கு ஆயில்தான் போடணும்."

"ஆயில் ஒழுகிடுமே சார்!"

ஒழுகத்தான் செய்யும். அதனால்தான் வருடா வருடம் ஊற்றச் சொல்கிறார்கள்.

எது தேய்ந்தது என்று கண்டுபிடிப்பது

பிரிப்பதற்கு முன்னால் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதும் வேண்டாம். பாரம் தாங்கும் என்று நினைக்கும்போதே நொறுங்கிவிடும்.

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் ட்ரன்னியனோ பால் ஜாயின்ட்டோ. பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் டை ராட் முனை, இல்லாவிட்டால் ஸ்டியரிங் ரேக். விஷ்போனின் உள் முனைகளில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து நெம்பினால் ரப்பர் புஷ்ஷின் லட்சணம் தெரிந்துவிடும்.

என் வண்டியில் இரண்டு ட்ரன்னியனும் போயிருந்தன. ஒரு பக்கம் மேல் பால் ஜாயின்ட் தளர்ந்திருந்தது. ரப்பர் புஷ்கள் வெடித்து, சில இடங்களில் ரப்பர் என்று சொல்லவே ஒன்றும் மிச்சமில்லை. டொக் சத்தம் அங்கிருந்துதான். ஸ்ப்ரிங் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன, ஷாக்கும் தேறியது. அவற்றைத் தொடவில்லை. முன்பக்கம் பிரிக்கிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவர்கள் இருப்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பிரிக்கும் படலம்

ஒரு நட்டைத் தொடுவதற்கு முன் செல்போனில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கீழ் விஷ்போன் சேசிஸில் பூட்டும் இடத்தில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். சக்கரத்தின் சாய்மானத்தைத் தீர்மானிப்பவை அவை. எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, தனித்தனிக் கவரில் போட்டு வையுங்கள்.

ட்ரம்மைக் கழற்றி, பிரேக் தட்டை வெர்ட்டிகல் லிங்கிலிருந்து பிரித்து, கம்பி போட்டு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் பாரம் விழக்கூடாது. ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒரே உருப்படியாக வெளியே வரும்: மேலே டவரில் மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட். அதை அப்படியே ஓரமாக வைத்துவிடலாம். ஸ்ப்ரிங்கைத் தனியே பிரித்தாக வேண்டுமென்றால் அதற்கான கம்ப்ரஸர் கருவி இல்லாமல் கை வைக்க வேண்டாம். சங்கிலி கட்டிக் கழற்றும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்ப்ரிங் விட்டால் தாடை போய்விடும்.

பால் ஜாயின்ட் எளிதில் பிரியாது. நட்டைத் தளர்த்தி, லிங்க்கின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரு போடு போட்டால் டேப்பர் விட்டுக்கொடுக்கும்.

உண்மையான சண்டை ட்ரன்னியனைக் கீழ் விஷ்போனோடு பூட்டும் போல்ட்டில்தான். அது உள்ளே இருக்கும் எஃகுக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். நட்டு கழன்றுவிடும், போல்ட் சுற்றும், ஆனால் வெளியே வராது. துரு எண்ணெய் ஊற்றி ஊறவிட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம் வழிக்கு வந்தது. இன்னொரு பக்கம் அசையவில்லை. கடைசியில் விஷ்போனுக்கும் ட்ரன்னியனுக்கும் நடுவில் ஹேக்ஸா பிளேடைக் கொடுத்து இரண்டு பக்கமும் அறுத்தோம். போல்ட்டும் புஷ்ஷும் எப்படியும் புதுசுதான், அதனால் நஷ்டமில்லை.

புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, லேத்

இப்போதுதான் சிக்கனக் கணக்கு வருகிறது.

நட்டு, போல்ட், வாஷர், ஸ்பிளிட் பின், வீல் பேரிங், ஆயில் சீல் எல்லாம் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலேயே தேறிவிடும். பேரிங்கின் மேல் எண் அடித்திருக்கும். வண்டிப் பெயரைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஹெரால்டு என்றால் கிடையாது என்பார்கள், எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

ட்ரன்னியனுக்கு இரு பக்கமும் வரும் நைலான் புஷ்களையும், நடுவில் போகும் எஃகுக் குழாயையும் லேத்தில் கடைந்துகொள்ளலாம். அளவு மட்டும் கறாராக இருக்க வேண்டும்: போல்ட்டை முழுதாக இறுக்கிய பிறகும் ட்ரன்னியன் தாராளமாக அசைய வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆட்டம் கூடாது. குழாய் ஒரு மயிரிழை குட்டையாகிவிட்டால் இறுக்கும்போதே எல்லாம் பிடித்துக்கொள்ளும். நல்ல கடைசல்காரர் கையில் கொடுத்தால் கவலையில்லை.

ரப்பர் புஷ் வாங்கும்போது பாலியூரித்தேன் வேண்டுமா என்று கேட்பார்கள். அது கெட்டி, ரொம்ப நாள் உழைக்கும். பந்தய ஓட்டத்துக்குச் சரி. நம் தெருக்களில் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கில் வந்து சொல்லும். நான் ரப்பரே போட்டேன்.

புதுப்பேட்டையில் பழைய விஷ்போன், ஷிம், பிராக்கெட் போன்றவை அதிர்ஷ்டம் இருந்தால் அகப்படும். வளைவு, துரு இரண்டும் இல்லாமல் பார்த்து வாங்கினால் தாராளமாகப் பூட்டலாம்.

இனி, கூடாத பட்டியல். முதலாவது, வெர்ட்டிகல் லிங்க். பழைய வண்டியிலிருந்து கழற்றியதை அப்படியே வாங்கி மாட்டக்கூடாது. தேய்ந்த மரைக்கு வெல்டிங் வைத்து மறுபடி மரை வெட்டித் தருகிறேன் என்று சொல்வார்கள், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். விரிசல் விடும் இடமே அதுதான். அங்கே வெல்டிங் சூடு பட்டால் எஃகின் தன்மையே மாறிவிடும். ஒடிந்தால் முன்னறிவிப்பு இருக்காது.

என்னுடைய இரண்டு லிங்க்கையும் கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று சுத்தம் செய்து, அம்பத்தூரில் விரிசல் சோதனைக்குக் கொடுத்தேன். சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். வலது பக்கம் சுத்தமாக வந்தது. இடது பக்கம், மரை முடியும் இடத்தில் மெல்லிய கோடு. கையில் தடவினால் தெரியாது, லென்ஸ் வைத்தாலும் சந்தேகம்தான். சாயம் மட்டும் சொன்னது. இடது பக்கத்துக்குப் புது லிங்க், இரண்டு பக்கத்துக்கும் புது ட்ரன்னியன், மேல் பால் ஜாயின்ட் இரண்டு என்று இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். ஸ்பிட்ஃபயர்காரர்கள் அங்கே ஏராளமாக இருப்பதால் இந்தக் குடும்பத்துப் பாகங்கள் இன்றைக்கும் புதிதாக அடித்து வருகின்றன. சுங்க வரியைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆனால் லேத்திலும் ஜி.பி. ரோட்டிலும் மிச்சம் பிடித்த காசு இதற்குத்தான்.

இரண்டாவது, லாக் நட்டும் ஸ்பிளிட் பின்னும். பழையதை நிமிர்த்தி மறுபடி போடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. சில்லறைக் காசு சமாச்சாரம். எல்லாமே புதுசாக இருக்கட்டும்.

பூட்டும்போது

ட்ரன்னியனுக்குள் முதலிலேயே எண்ணெய் ஊற்றி, லிங்க்கைக் கடைசி வரை திருகுங்கள். பிறகு கொஞ்சம் பின்வாங்கி, இரு பக்கமும் முழு ஒடிப்புக்கு இடம் கொடுங்கள். அடியில் முட்டிக்கொண்டு நின்றால் ஸ்டியரிங் ஒடிக்கும்போது மரையே நெரியும். கீழ் போல்ட்டின் உடம்பில் செம்புப் பசையைத் தடவிச் சொருகுங்கள். அடுத்த முறை பிரிப்பவர் வாழ்த்துவார்.

பலரும் கவனிக்காத ஒன்று: விஷ்போன் ரப்பர் புஷ் போல்ட்களை வண்டி தொங்கும்போது முழுதாக இறுக்கக்கூடாது. ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. நடுவில் பிடிபட்டு, முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். சீக்கிரம் கிழியும். கை இறுக்கத்தில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு முறை அமுக்கி உட்காரவைத்து, அதன் பிறகு இறுக்குங்கள்.

வீல் பேரிங் நட்டை இறுக்கிவிட்டு ஒரு முகம் தளர்த்தி ஸ்பிளிட் பின் போடுங்கள். இது டேப்பர் பேரிங். மிக லேசான ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். அடித்து இறுக்கினால் சூடேறி எரிந்துவிடும்.

கடைசியாக வீல் அலைன்மென்ட். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடைகளில் வண்டிப் பட்டியலில் ஹெரால்டு இருக்காது. அளவை நாமே கொண்டுபோக வேண்டும்: முன்சக்கரங்கள் நேராகவோ, அதிகபட்சம் 1/16 அங்குலம் உள்நோக்கியோ இருக்கலாம். ஷிம்களை இருந்தபடியே போட்டிருந்தால் சாய்மானத்தில் பெரிய தகராறு வராது.

ஓட்டிப் பார்த்தால்

டொக் சத்தம் போயிற்று. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஸ்டியரிங். ஹெரால்டுக்கு ரேக் அண்டு பினியன். அந்தக் காலத்துக்கு அது துல்லியமான ஏற்பாடு. அந்தத் துல்லியத்தை ட்ரன்னியனும் புஷ்ஷும் சேர்ந்து இத்தனை நாள் விழுங்கியிருக்கின்றன. இப்போது ஒரு விரல் அசைத்தால் மூக்கு அசைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வளைவுகளில் இது வேறு வண்டி.

இனி பராமரிப்பு. ட்ரன்னியன் ப்ளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் நிப்பிளைத் திருகி, எண்ணெய் நிரப்பிய கன்னால் மேல் சீலில் கசியும் வரை அடிக்க வேண்டும். கிரீஸ் கன் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, மேலே பெயின்டில் 'எண்ணெய் மட்டும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. தேங்கிய சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் அந்த வாரமே இன்னொரு முறை.

ஹெரால்டோ, ஸ்பிட்ஃபயரோ வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் சத்தத்தையும் பெயின்ட்டையும் அப்புறம் பார்க்கலாம். பானட்டைச் சாய்த்து, ட்ரன்னியன் ப்ளக்கை ஒரு ஸ்பானரால் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் வந்தால் மேற்கொண்டு விலை பேசலாம். கிரீஸ் வந்தால் இரண்டு வெர்ட்டிகல் லிங்க்கின் விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்; விற்பவர் சம்மதித்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், லாரியில் ஏற்றி வாருங்கள்.